மாடி வீட்டு வருஷம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய கணவருக்கு 'நார்மல் சார்' என்று பெயர். பயந்த முகத்தோடு வந்து நிற்பவர்களிடம் முடிவுத் தாளை நீட்டி, "நார்மல்தாங்க, நிம்மதியா போங்க" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். அதே கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ரத்தம் எடுப்பது அவள் வேலை. தடுப்பில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் குழாய்களை நீட்டி நீட்டியே இவர்கள் காதலும் வளர்ந்தது என்று கூட வேலை பார்ப்பவர்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

மனைவியின் முகம் மாதக்கணக்கில் இருண்டு கிடந்தால் அந்த மனிதருக்கு வேறென்ன செய்யத் தெரியும்? அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார். தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை, வைட்டமின், கடைசியில் ஹார்மோன். ஒவ்வொரு முறையும் பூங்கொத்து நீட்டுவது போல ஒரு தாளை நீட்டுவார்.

"பாரு, எல்லாம் நார்மல். உனக்கு ஒண்ணுமே இல்ல!"

ஒன்றுமே இல்லையாம். அப்படியென்றால் விடிவதற்கு முன்பே முழிப்பு வந்து, நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்த மாதிரி கிடக்கிறாளே, அது என்ன? பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், அடுப்பை அணைக்கக் கை எழ மாட்டேன் என்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் சிரித்தால், பதிலுக்குச் சிரிப்பதற்கே மூச்சு வாங்குகிறது. தாளில் கோளாறு இல்லையென்றால் கோளாறு தன் குணத்தில்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். குறையில்லாத வாழ்க்கையை அனுபவிக்கத் தெரியாத, நன்றி கெட்ட மனுஷி.

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ரத்தம் எடுக்கும்போது இவள் கண்ணிலிருந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அந்தப் பெண் பதறிப் போய், "அக்கா, எனக்கு வலிக்கவே இல்ல, நீங்க அழாதீங்க" என்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும், வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னாள். அவருக்கு உயிரே போய்விட்டது. யார் யாரையோ விசாரித்து, மனநல மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

மருத்துவர் இவர்களைவிட இளையவள். சுவரில் படம் எதுவும் இல்லாத சின்ன அறை. கணவர் பரிசோதனைத் தாள்களை மேசைமேல் பரப்பினார்.

"எல்லாமே நார்மல் மேடம். நானே பார்த்துப் பார்த்து ஓட்டினது. மெஷின் தப்பு சொல்லாது."

"மெஷின் மேல எனக்கும் சந்தேகம் இல்ல சார்" என்று மருத்துவர் அவள் பக்கம் திரும்பினாள். "மாதவிடாய் தள்ளித் தள்ளி வருதா அக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்கீங்களா? குழந்தை பிறந்த சமயத்துல?"

"சேச்சே!" கணவர் முந்திக்கொண்டார். முகமெல்லாம் விளக்கு எரிந்தது. "அதுதான் மேடம் எங்க பொற்காலம்! மாடியில ஒத்தை ரூம் வீடு. மழை வந்தா கட்டிலை ரூம் நடுவுக்கு இழுப்போம். பொண்ணு கைக்குழந்தை. இவ அப்படி ஒரு சுத்தக்காரி, எப்பப் பார்த்தாலும் பாத்ரூமைக் கழுவிட்டே இருப்பா. குழாய்ச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். தண்ணி தீர்ந்துபோச்சுன்னு கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துட்டார்னா பாருங்களேன்!"

உறவுக்காரர்கள் கூடினால் அவர் தவறாமல் சொல்லும் கதை. சொல்லும்போதெல்லாம் அவருக்கு வயது குறையும். அந்தக் கதைக்குள்ளே அவளும் இருபத்தைந்து வயதில், ஈரக் கூந்தலோடு, சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணை அவளுக்கும் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்லி அவளைக் கொல்ல இத்தனை வருஷமாக மனசு வரவில்லை.

மருத்துவர் மட்டும் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டால், 'எல்லாம் நார்மல்' என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

"நான் கழுவலீங்க" என்றாள் கணவரிடம். "உள்ளே உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன். சத்தம் உங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டேன்."

கணவர் மேசைமேல் பரப்பிய தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார்.

"குழந்தை அழும். தூக்கணும்னு தெரியும், கை வராது. பெத்தவளா இவ, மிருகம்னு என்னை நானே திட்டிப்பேன். அப்புறம் எப்படியோ தானா தெளிஞ்சுது. இப்ப அதே ஆளு திரும்பி வந்த மாதிரி இருக்கு."

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "பிரசவம் ஆனதும் ஹார்மோன் தடாலடியா கீழே விழும். மாதவிடாய் நிக்கப் போற வருஷங்கள்ல அது தாறுமாறா ஏறி இறங்கும். எல்லாப் பெண்களும் இதைக் கடந்துதான் வர்றாங்க. ஆனா சிலரோட மூளைக்கு அந்த ஆட்டம் தாங்காது. தூக்கம், பசி, சந்தோஷம் எல்லாத்தையும் அது உலுக்கிடும். அப்ப அப்படி இருந்தவங்களுக்கு இப்பவும் வர வாய்ப்பு அதிகம். இது உங்க குணம் இல்லக்கா, உடம்பு. வைத்தியம் இருக்கு."

"அப்ப ரிப்போர்ட்?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார் கணவர்.

"ஹார்மோனுக்கு நீங்க எடுத்தது ஒரே ஒரு காலை நேரத்து ரத்தம் சார். ஊஞ்சலை ஒரு போட்டோ எடுத்தா, ஆடுறது தெரியுமா?"

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. எப்போதும் முன்னால் விறுவிறுவென்று நடப்பவர் இன்று அவளோடு ஒட்டியே நடந்தார். மாத்திரைப் பொட்டலத்தைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் அந்த ரூம்லயேதானே இருந்தேன். ஒரு தடவை பாத்ரூம் கதவைத் தட்டியிருக்கலாம்."

"தட்டியிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுக்கு எனக்கே பேர் தெரியாதே."

ஒரு பேருந்து வந்தது, போனது. இருவரும் ஏறவில்லை.

"அப்ப அந்த வருஷத்துல... ஒண்ணுமே நல்லா இல்லையா?"

பரீட்சையில் தோற்ற பிள்ளை போல நின்றார். அவருக்காக எதையாவது சொல்லிவைக்க அவளுக்கு விருப்பமில்லை. யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே ஒன்று இருந்தது.

"பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நீங்க ஒரு தாலாட்டு பாடுவீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் டெஸ்ட் பேருதானே."

"ஐயோ, அதுவா!" அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆல்புமின் கண்ணே... குளோபுலின் முத்தே... அப்புறம் என்ன வரும்? மறந்துபோச்சே."

சிரிக்க அவளால் முடியவில்லை. ஆனால் அடுத்த வரி நாக்கின் நுனியிலேயே இருந்தது.

"பிலிரூபின் பொன்னே" என்று எடுத்துக் கொடுத்தாள். "அண்ணனுக்குப் போன் பண்ணணும். இப்ப வரலைன்னு சொல்லிடறேன்."