ஏழாம் எண்

வரலாறு எழுத வந்தவர் ஒலிப்பதிவுக் கருவியை டீப்பாயின் மேல் என் கணவருக்கு நேராக வைத்தபோதே, இன்றைக்கு மதியத் தூக்கம் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் நகரத்து சிம்ஃபனிக்கு எழுபத்தைந்து வயதாகிறது. அதையொட்டித் தடியாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்களில் யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்துப் பேச வைப்பது இவர் வேலை. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். டீயை ஆறவிட்டுவிட்டு, ஆறின டீதான் தனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக் குடித்தார்.

என் கணவர் இருபத்தெட்டு வருடம் முதல் வயலின். முதல் வயலின் என்றால் சும்மா இல்லை. கண்டக்டரின் கைக்கு எட்டும் தூரத்து நாற்காலி. அவர் எழுந்து நின்று வில்லை உயர்த்தினால்தான் மற்றவர்கள் சுருதி சேர்ப்பார்கள். கச்சேரி முடிந்ததும் கண்டக்டர் கைகுலுக்குவதும் அவரோடுதான். நானும் அதே குழுவில் வயலின் வாசித்தவள். இரண்டாம் வயலின் பகுதி, கடைசி வரிசை, அதிலும் உள்பக்கம். இசைத்தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, அதில் உள்பக்கம் உட்காருகிறவர்தான் தாளைத் திருப்ப வேண்டும். ஆகவே பக்கம் முடிகிற இடத்திலெல்லாம் என் வயலின் வாயை மூடிக்கொள்ளும். கடைசி வரிசையில் ஒருத்தியின் வாசிப்பு தனியாகக் காதில் விழுந்தால் அது குற்றம். பதினாறு வருடம் அந்தக் குற்றத்தைச் செய்யாமல் தாள் திருப்பினேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சிம்ஃபனியின் வரலாறு முழுக்க முதுகுகள்தான்.

என் கணவர் ஆதியிலிருந்து தொடங்கினார். நூல் ஆலை கேன்டீனில் ஒரு பல் டாக்டர் பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது, முதல் கச்சேரிக்கு பஸூன் வாசிக்க ஆள் கிடைக்காமல் கல்யாண பேண்டிலிருந்து ஒரு சாக்ஸஃபோன்காரரைக் கூட்டிவந்தது, கைதட்டல் நின்ற பிறகும் அந்த மனிதர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. கூடவே இருந்து பார்த்த மாதிரி சொன்னார். பிறகு நகராட்சி மண்டபம் கிடைத்தது, மாதச் சம்பளம் வந்தது. அடுத்தது வெள்ளம்.

"இடுப்பளவு தண்ணி சார். நாங்க எல்லாரும் தண்ணியில நின்னு டபுள் பேஸ் எட்டையும் பால்கனிக்குத் தூக்கினோம். டிரம் எல்லாம் மிதக்குது!"

வெள்ளத்தன்று அவர் ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். தூக்கியவர்களில் நான் ஒருத்தி. குளிர் நாளில் இடது தோள் இன்னும் அதைச் சொல்லும். அவருடைய 'நாங்க'வுக்குள் அவர் எப்போதும் இருப்பார், நான் சில சமயம் இருப்பேன். பழகிவிட்டது.

வெள்ளத்துக்குப் பிறகு வருவது எதுவென்று எனக்குத் தெரியும். உள்ளே எழுந்து போயிருக்கலாம். போனால் அதையும் ஒரு அர்த்தமாக எடுத்துக்கொள்வார் என்று உட்கார்ந்திருந்தேன்.

புதிதாக ஒரு கண்டக்டர் வந்தார். சிபாரிசிலும் சொந்தபந்தத்திலும் குழு ஊறிப்போய்விட்டது, அத்தனை பேரும் மறுபடி தேர்வு எழுதுகிற மாதிரி வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். மேடைக்குக் குறுக்கே கறுப்புத் திரை. ஆணா பெண்ணா என்று காலடிச் சத்தத்தில்கூடத் தெரியக்கூடாதென்று வாசலிலிருந்து கம்பளம். திரைக்குப் பின்னால் இருப்பவர் வாய் திறக்கக்கூடாது, இருமக்கூடாது. பிஸ்கட் டப்பாவில் கைவிட்டு எடுக்கிற எண்தான் பெயர். இருட்டு மண்டபத்தில் நீதிபதிகள் ஐந்து பேர். முதல் வயலின் என்பதால் என் கணவர் வாசிக்கவேண்டியவர் இல்லை, கேட்கவேண்டியவர்.

"என் சம்சாரமும் வாசிச்சா சார். எந்த நம்பர்னு எனக்குத் தெரியாது. காதுக்கு என்ன பட்டுதோ அதைச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தா எடுத்தவங்க பேர்ல அவ பேர் இல்ல. சொந்தப் பொண்டாட்டிக்கே இடம் கொடுக்காத குழு சார் இது. இதை அவசியம் போடுங்க."

வரலாற்றுக்காரர் என்னைப் பரிதாபமாகவும் அவரை மரியாதையாகவும் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கல்யாண வீடு, வழியனுப்பு விழா, ஆஸ்பத்திரி வராந்தா என்று எத்தனையோ இடத்தில் இந்தக் கதையைக் கேட்டாகிவிட்டது. நான் தோற்றதில் அவருக்கு நியாயஸ்தர் என்று பெயர் வந்தது. நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

அவர் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. அந்த வாரம் என் வயலினில் ஒட்டு விட்டு, அடிப்பலகை பிளந்துகொண்டது. தேர்வன்று காலை அழுதுகொண்டு நின்றவளிடம் தன் பெட்டியைத் திறந்து நீட்டினார். "என்னுதை எடுத்துக்கிட்டுப் போ. நான் கேக்கப் போறவன்தானே, எனக்கெதுக்கு?" பதினெட்டு வருடமாக என்னைத் துடைக்கக்கூட விடாத வயலின் அது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குச் செய்தவற்றில் பெரியது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவரைப் பற்றி என் அம்மா முணுமுணுத்தபோதெல்லாம் இதைச் சொல்லித்தான் வாயை அடைத்தேன்.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை கேட்டேன். உங்க வயலின்கூடவா உங்களுக்குத் தெரியல? "காலி மண்டபத்துல, துணிக்குப் பின்னால எல்லா வயலினும் ஒண்ணுதான்" என்றார். நானும் வயலின்காரிதான், அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் நம்பினேன். நம்பாமல் அந்த வீட்டில் அடுத்த வேளை சோறு இறங்காது. தன் வயலினே அவருக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மோசமாக வாசித்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதன் பிறகு வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேனே தவிர, எனக்கென்று ஒரு நாள்கூட வில்லைத் தொடவில்லை. லாயக்கில்லாத கைக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன்.

வரலாற்றுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தத் தேர்வைப் பத்தி ஒரு விஷயம் ஐயாகிட்ட கேக்கணும்னு இருந்தேன். போன வாரம் யானையைப் பார்த்தேன்."

யானை என்றால் ஹார்ன் வாசித்தவர். ஆள் ஒல்லி, ஊதினால் மண்டபம் பிளிறும். ஐந்து நீதிபதிகளில் அவரும் ஒருவர். மற்ற மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"அன்னிக்கு ஏழாம் நம்பர்னு ஒருத்தர் வாசிச்சாங்களாமே. அந்த மாதிரி ஒரு வாசிப்பை இந்த ஊர் மண்டபத்துல அவர் கேட்டதே இல்லைங்கிறார். ரெண்டு பேர் வேணும்னாங்களாம், ரெண்டு பேர் இது கூட்டத்துல சேராத கைன்னு வேண்டாம்னாங்களாம். கடைசியா ஐயா வேண்டாம்னு சொன்னீங்களாம்." அவர் சிரித்தார். "இன்னொண்ணும் சொன்னார், கோவிச்சுக்காதீங்க. கேட்டதும் ஒரு நிமிஷம் அது உங்க வயலின்னே நினைச்சாராம். அப்புறம், ஐயா கையில இது என்னிக்கு இப்படிப் பாடுச்சுன்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டாராம். அந்த ஏழு யாருன்னு தெரிஞ்சா புத்தகத்துல நல்லா இருக்கும்."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரோ வெளியூர்ப் பையன்னு நினைக்கிறேன். நல்ல கைதான். கூட்டத்தோட சேரல."

என்னை வைத்துக்கொண்டே சொல்கிறார். நான் எடுத்த எண் என்ன என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தத் தைரியம்.

"ஏழு நான்தான்" என்றேன்.

வரலாற்றுக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்த வயலின்…"

"இவரோடதுதான். அன்னிக்குக் காலையில இவரே எடுத்துக் கொடுத்தார்."

என் கணவர் மறுப்பார், கோபப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டீப்பாய் மேலிருந்த கருவியைப் பார்த்து, வெள்ளத்தைப் பற்றிப் பேசிய அதே குரலில் பேசினார்.

"நல்லா வாசிச்சா. என் வயலினுக்குள்ள அப்படி ஒரு குரல் இருக்குன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மறுநாள் அதையே எடுத்துக்கிட்டுப் போய் முதல் நாற்காலியில நான் உட்காரணும்ல?"

நல்லா வாசிச்சா. கல்யாணமாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த இரண்டு சொல்லை அவர் எனக்குச் சொன்னதில்லை, இப்போதும் எனக்குச் சொல்லவில்லை. அவர் செய்த துரோகம்கூடப் பிறகுதான் உறைத்தது. முதலில் உறைத்தது, நான் நன்றாக வாசித்திருக்கிறேன் என்பது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் நான் பிள்ளைகளின் விரலைப் பிடித்து ஸ-ரி-க-ம மாதிரி ஏற்ற இறக்கம் பழக்கிக்கொண்டிருந்தேன். இப்போது என் விரல் முட்டிகள் வீங்கிக் கிடக்கின்றன. பாட்டில் மூடி திறப்பதற்கே இன்னொருவர் கை வேண்டும். இனிமேல் இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"இதைப் போட்டுக்கலாமாங்கய்யா?" என்று வரலாற்றுக்காரர் மெதுவாகக் கேட்டார். என் கணவரைத்தான் கேட்டார்.

"யானையோட ஃபோன் நம்பர் இருக்கா?" என்றேன் நான்.

வரலாற்றுக்காரர் தன் செல்லிலேயே போட்டுக் கொடுத்தார். நெடுநேரம் அடித்த பிறகு, இரும்பைத் தேய்க்கிற மாதிரி ஒரு இருமல். நான் யாரென்று சொன்னேன். ஏழு யாரென்று சொல்லவில்லை. சொன்னால் மரியாதைக்காகப் புகழ்ந்துவிடுவார்.

"அண்ணே, அந்தத் திரை கட்டின அன்னிக்கு ஏழாம் நம்பர் வாசிச்சதைப் பத்தி சொன்னீங்களாமே. எப்படி இருந்துச்சு?"

"அதுவா தங்கச்சி…" மூச்சு வாங்கினார். "அதை எப்படிம்மா வாயால சொல்றது? இரு, இரு, வச்சிராதே."

பாட ஆரம்பித்தார். பல் போன வாய், சுருதி எங்கெங்கோ போயிற்று. ஆனால் அது அன்றைக்கு நான் வாசித்த அந்த மெதுவான பகுதிதான். இரண்டாம் வரியின் முடிவில், தாளில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு ஸ்வரத்தில் நின்றேன். ஏன் நின்றேன் என்று அன்றும் எனக்குத் தெரியாது. அவரும் சரியாக அந்த இடத்தில் நின்றார், மூச்சு முட்ட முட்ட.

என் கணவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். தலையை ஒருபக்கமாகத் திருப்பிக் காதைக் கொடுத்தார். பிறகு கையை லேசாக உயர்த்தி, ஸ்பீக்கரில் போடு என்று சைகை காட்டினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, செல்லைக் காதோடு சேர்த்து இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.