தூணிடம் சொன்ன சேதி

"தூணே, சோறு இருக்கா?" அடுப்படிக்கு முதுகைக் காட்டி, வாசல் தூணிடம் கேட்டான் அலாங்.

அடுப்படியில் அவன் மாமியார் ஈத்தாம் விறகைத் தள்ளினாள். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசினால் இடி இறங்கும், ஆறு ஊரைக் கொண்டுபோகும் என்பது மலேசியக் காட்டுப் பழங்குடியான லனோக்காரர் வழக்கம். இருபது வருஷமாக மகள் யாங்தான் நடுவில் நின்று இருவர் பேச்சையும் சுமந்தாள். போன மழைக்காலத்தில் அவளும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். அதிலிருந்து அலாங் கேட்பதெல்லாம் தூணிடம்தான்.

பேத்தி நோரின் விடுதியில் படித்தவள். அவளுக்கு மலாய்தான் வரும். ஈத்தாமின் மலாயோ உப்பு, சீனி வாங்குவதோடு சரி. அந்தக் குடியிருப்பில் மற்றவர்கள் எப்போதோ மலாய்க்கு மாறிவிட்டார்கள். லனோ மொழி பேச மிஞ்சியது மாமியாரும் மருமகனும் மட்டுமே. பேசக்கூடாத இருவர்!

ஈத்தாமுக்கு அலுத்துவிட்டது. பெற்ற வயிறு எத்தனை நாள்தான் பொறுக்கும்?

"அலாங், இப்படித் திரும்பு. எம்பொண்ணு கடைசியா என்ன சொன்னா?"

அவன் தூணை இன்னும் ஒட்டி நின்றான். "வேணாம் அத்தை, ஊரு கேக்கும்."

"கேட்டா? நம்ம பேச்சு எவனுக்குப் புரியுது? சொல்லு."

அவன் மெல்லத் திரும்பினான். இத்தனை வருஷத்தில் அவன் கண்ணை அவள் பார்ப்பது இதுதான் முதல்முறை.

"'அம்மாவப் பாக்கணும், கூட்டிட்டு வா'ன்னு அனுப்பினா. ஊருல யாருமில்ல, எல்லாரும் காட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க ஆத்துல தனியா குளிச்சிட்டிருந்தீங்க. கூப்பிட வாய் வரல. இங்க வந்து இந்தத் தூண் கிட்டச் சொன்னேன். அதுக்குள்ள வண்டிக்காரன் கிளம்பச் சொல்லிட்டான். நான் போறப்ப அவ இல்ல."

ஈத்தாம் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருவரும் நேருக்கு நேர் பேசுவதைப் பார்த்துவிட்டு, வேலிக்கு அப்பாலிருந்து ஊர்த்தலைவர் கையை ஆட்டிக் கத்தினார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் மருமகனிடம்.

"நீங்களும் நானும் பேசினா நம்ம வழக்கமே அழிஞ்சிடுமாம் அத்தை."

"அத எந்தப் பேச்சுல சொல்றாரு?"

"மலாய்ல."

ஈத்தாம் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மேகத்தைக்கூடக் காணோம். எழுந்து தட்டில் சோற்றைப் போட்டு, தன் கையாலேயே அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. அப்புறம் அவ சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம சொல்லு. சத்தமாவே சொல்லு."