கொருனாவிலா, யூரோவிலா?

என் அண்ணன் போஹுமில், செக் நாட்டின் ப்ர்னோ நகரில் ஒரு சேமிப்பு வங்கிக் கிளையின் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். துணை மேலாளர் என்றால், மேலாளர் விடுப்பில் போகிற நாட்களில் சாவி இவனிடம் இருக்கும். அந்தத் தகுதியில் ஐரோப்பாவின் நாணய விவகாரம் முழுவதையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டவன்.

என் மகள் வென்டுலாவுக்கு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு குரோஷியாவின் விஸ் தீவில் கல்யாணம். ஸ்ப்ளிட் துறைமுகத்திலிருந்து கார் ஏற்றும் கப்பல் பகல் இரண்டரைக்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். பெண்ணைப் பெற்ற அம்மாவான எனக்குக் கார் ஓட்ட வராது. அதனால்தான் இவனோடு கிளம்பினேன்.

எல்லோரையும் போல ஆஸ்திரியா வழியாக வந்திருந்தால் பன்னிரண்டுக்கே கடலைப் பார்த்திருப்போம். அந்த வாரம் பார்த்து எங்கள் செக் கொருனாவுக்கு எதிரே ஹங்கேரி நாணயமான ஃபோரிண்ட் இறங்கித் தொலைத்தது. ஆகவே ஹங்கேரி வழி. மூன்று பெட்ரோல் பங்குகளில் விலைப் பலகையைப் படித்துவிட்டு நான்காவதில் போட்டோம். சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை. ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி ஒரு டப்பா நிறைய என் மடியில் இருந்தது. கடலுக்குப் போகிற செக் குடும்பம் அந்நிய மண்ணில் மதியச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தால் அது தோல்வி.

"எவ்வளவு மிச்சம்?" என்றேன்.

"நூத்துப் பத்து கொருனா."

"ரெண்டு மணி நேரம் போச்சே, போஹுஷ்."

"நேரத்துக்கு மாற்று விகிதம் கிடையாது, யர்கா."

இரண்டேகாலுக்குச் சீட்டுக் கவுண்டருக்கு ஓடினோம். இணையத்தில் முன்பே எடுத்திருக்கலாம். எந்த நாணயத்தில் பிடிப்பார்களோ என்று அவன் விடவில்லை. இப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தான்.

"இது குனா" என்றாள் உள்ளே இருந்த பெண். செக்கும் குரோஷிய மொழியும் தூரத்துச் சொந்தம். பாதி புரியும், மீதி எரிச்சலில் புரியும்.

"ஆமா. உங்க ஊர்க் காசு."

"எங்க ஊருக்கு யூரோ வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க."

எங்கள் ஆட்கள் எல்லோரும் கோடைக்குக் கோடை மிஞ்சிய குனாவை அடுத்த கோடைக்கென்று வீட்டில் பத்திரப்படுத்தியவர்கள்தான். யூரோ வரப்போகிறது என்றதும் எல்லோரும் மாற்றினார்கள். வங்கிக்காரன் கொடுத்த விலை அவமானமாக இருந்ததால் அண்ணன் மட்டும் மாற்றவில்லை.

"நோட்டுக்குக் காலக்கெடு கிடையாதுன்னு உங்க மத்திய வங்கியே சொல்லுது" என்றான்.

"அப்ப அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்க. இங்க கப்பல் மட்டும்தான் இருக்கு. கார் தளத்துல கடைசியா ஒரு இடம். வேணுமா?"

வேறு வழியில்லாமல் வங்கி அட்டையைச் செருகினான். இயந்திரத்தில் இரண்டு வரி வந்தது. ஐம்பத்தெட்டு யூரோ அல்லது ஆயிரத்து ஐந்நூற்று முப்பது கொருனா. ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உள்ளூர்க் காசைத்தான் அமுக்கணும். கொருனான்னா மாத்துற விலையை இயந்திரக்காரன் இஷ்டத்துக்கு வெப்பான். இது பாலபாடம்."

"சரி, யூரோவை அமுக்கு."

"இன்னிக்குச் சனிக்கிழமை. வாரக்கடைசியில யூரோவுக்கு என் வங்கி ஒரு சதவீதம் ஏத்துவான். என் யூரோ கணக்குல இருந்து கொடுத்தா ஏத்த மாட்டான். அதுல பதினோரு யூரோதான் கிடக்கு. இரு, கொஞ்சம் மாத்திப் போட்டுடறேன்."

கைப்பேசியை எடுத்தான். மூக்குக் கண்ணாடியைத் தேடினான்.

"எப்படிப் பார்த்தாலும் வித்தியாசம் எழுபது கொருனா. ஒரு பீர். நான் வாங்கித் தரேன், அமுக்கு."

"இது காசு விஷயமில்ல. கொள்கை."

"எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு, போஹுஷ்."

பின்னால் குழந்தை குட்டிகளோடு நின்ற போலந்துக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, கப்பலையே விலை பேசுறீங்களா?"

அண்ணன் திரும்பவில்லை. கணக்கில் பணத்தை மாற்றுவதற்கும் வாரக்கடைசி விலைதான் என்று கைப்பேசி அப்போதுதான் அவனுக்குத் தெரிவித்திருந்தது. ஏதோ சாட்சி மாறிவிட்டது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டான். இயந்திரம் இரண்டு தடவை கூவியது. 'நேரம் முடிந்தது' என்று ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது.

அந்தப் பெண் போலந்துக்காரரைக் கூப்பிட்டாள். அவர் திரையைக்கூடப் பார்க்காமல் அமுக்கினார், சீட்டை வாங்கினார், போய்விட்டார்.

"காருக்கு இடம் முடிஞ்சுது. ஆள் மட்டும்னா போகலாம்" என்றாள்.

"இதை விசாரிக்க மேலதிகாரின்னு யாராவது இருப்பாங்கள்ல" என்றான் அண்ணன்.

அவன் விசாரிக்கட்டும் என்று என் அட்டையை நீட்டினேன். இயந்திரம் என்னிடமும் என்னவோ கேட்டது. விரல் பட்ட இடத்தில் அமுக்கினேன். காரிலிருந்து உடுப்புப் பையை இழுத்துக்கொண்டு ஓடினேன். நான் ஏறிய பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்கள். அதற்குள் கைப்பேசி அடித்தது.

"யர்கா, ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"நான் ஆறரைக் கப்பல்ல வரேன். கேக் வெட்டறதுக்கு வந்துடுவேன்." அதோடு விடவில்லை. "நீ எதை அமுக்கின? கொருனாவா, யூரோவா?"

"பார்க்கலை."

கரையில் அவன் உட்கார இடம் தேடுவது இங்கிருந்தே தெரிந்தது.

"பார்க்கலையா" என்றான், துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில். "பரவாயில்ல, ரசீதுல போட்டிருக்கும். எடுத்துப் படி."

கைப்பேசியை அணைத்துவிட்டு, கல்யாண உடுப்பை மாற்றிக்கொள்ள இடம் தேடி உள்ளே போனேன்.