எட்டு கஜக் கில்ட்டும் எங்கோ போன பெட்டியும்

இன்வர்னெஸ் நகரில் தரைவிரிப்புக் கடை வைத்திருக்கும் மர்டோ மக்காஸ்கிலுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அதுவும் அவர் வீட்டுக் கூடத்திலேயே, கணப்புக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் மாட்டியிருந்தது.

மூத்த மகள் கத்ரியோனாவின் கல்யாணப் படம் அது. கல்யாணம் கடல் தாண்டி ஹாலிஃபாக்ஸில் நடந்தது. மர்டோவின் ஊர் ஆண்கள் விசேஷத்துக்கு இடுப்பில் கட்டும் கொசுவப் பாவாடைதான் கில்ட். அது இருந்த பெட்டி, விமானம் மாறும் இடத்தில் மனமும் மாறி வேறு ஊருக்குப் போய்விட்டது. மற்ற ஆண்களெல்லாம் அவரவர் குலத்துக்குரிய கட்டம் போட்ட கில்ட்டில் கொசுவம் ஆட நிற்க, பெண்ணின் தகப்பன் மட்டும் ஓட்டலில் பரிமாறுகிற ஒருவனிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கால்சட்டையில் நின்றார். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே அது நின்றுவிட்டது. புது வருஷத்துக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் கோப்பையும் கையுமாய் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்று, "மர்டோ, இங்க ரெண்டு காபி, ஒண்ணுல சக்கரை வேணாம்" என்பார்கள்.

அதை முதலில் சொன்னவன் மச்சான் லாக்கி, மனைவி மோராகின் தம்பி. பழைய டிராக்டர் வாங்கி விற்பவன். ஒரு கேலி கையில் கிடைத்தாலும் அப்படித்தான், கடைசிச் சொட்டு டீசல் தீரும்வரை ஓட்டுவான்.

படத்தைக் கழற்றச் சொல்லி மர்டோ எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்.

"பொண்ணு ராணி மாதிரி நிக்கிறா. உன் காலுக்காக அவளையும் சேத்துக் கழட்டணுமா?" என்றாள் மோராக். "சின்னவ கல்யாணத்துல ஒழுங்கா கில்ட்டோட ஒரு படம் எடுத்துக்கோ. அதை மாட்டலாம், இதை மாடிக்கு அனுப்பலாம்."

ஆகவே, டொராண்டோவில் இருக்கும் சின்னவள் கிர்ஸ்டிக்குக் கல்யாணம் என்று செய்தி வந்த நாளிலிருந்து மர்டோவுக்கு மாப்பிள்ளை யார், என்ன வேலை என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். கில்ட் அங்கே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

கில்ட்டைப் பெட்டியில் எப்படி வைப்பது என்று கேட்டால் மர்டோவின் நாட்டில் ஆளுக்கொரு மதம். நெடுக்காக இரண்டாய் மடிப்பவர்கள் உண்டு. கோட்டுப் பையில் தொங்கவிடுபவர்கள் உண்டு. பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, மனைவியின் பழைய ஸ்டாக்கிங்ஸில் ஒரு காலை வெட்டி அதற்குள் திணிப்பவர்கள் உண்டு. லாக்கி இந்தக் கடைசி மதம். மதம் மாற்றும் வேலையும் செய்வான். புறப்படும் முந்தின நாள் மத்தியானம் மர்டோவின் சமையலறையில் உட்கார்ந்து பிரசங்கம் ஆரம்பித்தான்.

"மச்சான், சுருட்டி ஸ்டாக்கிங்ஸ்ல போட்டா ஒரு சுருக்கம் விழாது. விமானத்துலேர்ந்து தூக்கி எறிஞ்சாலும் விழாது."

"எறிவானுங்க. அதான் எனக்குத் தெரியுமே. எங்க எறிவானுங்கங்கறதுதான் தெரியாது."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"உடுத்திக்கிட்டே போறேன். இனிமே அந்தத் துணி என் உடம்பை விட்டுப் பிரியாது."

"எட்டு கஜம் கம்பளி! அதும் மேல உக்காந்துக்கிட்டு அட்லாண்டிக்கைத் தாண்டுவியா? இறங்கறப்ப கொசுவம் எல்லாம் அப்பளமாயிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாத்துட்டு, பொண்ணோட அப்பா மேல யாரோ லாரி ஏத்திட்டாங்கன்னு நினைப்பான்."

"நசுங்கினாலும் என் கில்ட், என் இடுப்புல இருக்கும்ல."

இந்த வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோராக் ஜன்னலோரம் அந்தக் கில்ட்டை மடியில் போட்டுக்கொண்டு ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கணவன் சுருட்டித்தான் வைப்பான் என்று அவளுக்கு நிச்சயம். சுருட்டும்போது கொசுவம் கலையாமலிருக்க, கீழ் ஓரத்தில் மடிப்புகளையெல்லாம் சேர்த்து நீள நீளமாய் ஓட்டுத்தையல் போட்டாள். இதற்கு வெள்ளை நூல்தான் வழக்கம். உடுத்துமுன் கண்ணில் பட்டு உருவிவிடலாம். டப்பாவில் வெள்ளை தீர்ந்திருந்தது. கில்ட்டின் நிறத்திலேயே கரும்பச்சை கிடைத்தது.

"மர்டோ, தைச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

"சரி சரி" என்றார் மர்டோ, மச்சானை விட்டுப் பார்வையை எடுக்காமல். எதற்குச் சரி என்றார் என்பது அவருக்கே தெரியாது.

மறுநாள் விடியுமுன் யாரும் மறுப்புச் சொல்லிவிடுவதற்குள் கில்ட்டை எடுத்து உடுத்திக்கொண்டார். காலுக்குத் தடித்த பூட்ஸ், மேலே பழைய கம்பளிச் சட்டை. கறுப்புக் கோட்டு, முன்னால் தொங்கும் தோல்பை, நீளக் காலுறை, நாடா வைத்த செருப்பு எல்லாம் பெட்டிக்குள். காலுறையில் செருகுகிற குட்டிக் கத்தியைக் கையோடு விமானத்தில் கொண்டுபோக முடியாது, அதுவும் பெட்டிக்குள். மோராக் வந்து பார்த்தாள். கில்ட்டை உடுத்துகிறவனுக்கு ஓட்டுத்தையலை உருவத் தெரியாதா, அந்த நாட்டில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்று அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

வாசற்படியில் முதல் அடி வைத்தபோதே மர்டோவுக்கு என்னவோ போலிருந்தது. பின்பக்கம் துணி விரியவில்லை. கொஞ்சம் எட்டிக் கால் வைத்தால் பின்னால் இழுத்துப் பிடித்து, முன்பக்கத்து மேல்மடிப்பு திரைச்சீலை மாதிரி விலகியது. அந்த உடையின் பெருமையே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாமலிருப்பதுதான்.

யோசித்தார். இடுப்பு வார் பழைய துளையிலேயே நிற்கிறது, ஆக வயிறு பெருக்கவில்லை. கொழுப்பெல்லாம் கமுக்கமாய்ப் பின்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது! மோராகின் வெண்ணெய் பிஸ்கட் கண்முன் வந்து போனது. இதை லாக்கியிடம் சொன்னால் இன்னொரு பத்து வருஷத்துக்கு டீசல் போட்டுக் கொடுத்த மாதிரி. மூச்சு விடக்கூடாது.

"ஏன் மச்சான் வாத்து மாதிரி வர்ற?" என்றான், கூடவே கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்த லாக்கி.

"நிதானமா வர்றேன். கல்யாணத்துக்குப் போறவன் ஓடுவானா?"

விமான நிலையத்தில் சோதனை வளைவு அவரைப் பார்த்ததும் கூவியது. இடுப்பில் வார்க்கொக்கிகள், முன்மடிப்பில் வெள்ளி ஊசி. சோதனை செய்கிற இளைஞன் பணிவாய், "சார், அந்த வாரைக் கழட்ட முடியுமா?" என்றான்.

"கழட்டறேன் தம்பி. அப்புறம் நடக்கறதுக்கு நீதான் பொறுப்பு."

வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் இருவர் ஆர்வத்தோடு எட்டிப் பார்த்தார்கள். இளைஞன் அவர்களையும் பார்த்தான், மர்டோவையும் பார்த்தான். கைக்கருவியால் மேலோட்டமாய்த் தடவிவிட்டு, "போயிட்டு வாங்க" என்றான்.

வானத்தில் சாப்பாடு வந்தது. மர்டோ இலைதழையை மட்டும் கொறித்துவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

"கோழி வேணாமா? கேக் வேணாமா?" லாக்கிக்கு நம்பிக்கை வரவில்லை. "மோராக்கா, இவனுக்கு உடம்பு சரியில்லையா?"

"பொண்ணு கல்யாணம்னா சில அப்பாங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள் மோராக். அவள் கண் லேசாகக் கலங்கியது. மர்டோ அதைத் திருத்தவில்லை. லாக்கி இரண்டு கேக்கையும் தின்றான்.

டொராண்டோவில் பெட்டிகள் சுற்றும் பட்டையில் எல்லார் பெட்டியும் வந்தது. மர்டோவின் பெட்டியைத் தவிர. விசாரித்தபோது, நாளை மறுநாள் வரும் என்றார்கள். கல்யாணம் நாளை.

"பரவாயில்லை" என்று மர்டோ தொடையில் தட்டினார். "இது இருக்கு."

"இருக்கு மச்சான். கோட்டு? பை? காலுறை? சாமி முன்னால பூட்ஸும் கம்பளிச் சட்டையுமா நின்னா, ஆடு தேடி வந்தவன்னு நினைப்பாங்க." லாக்கி தன் பெட்டியைச் செல்லமாய்த் தட்டினான். "எனக்குப் பாரு. முழு செட்டு. ஸ்டாக்கிங்ஸ்ல சுருட்டி."

மர்டோவின் நெஞ்சுக்குள் அந்தக் கால்சட்டைப் படம் ஒருமுறை சிரித்தது.

ஓட்டல் அறையில் லாக்கி பெட்டியைத் திறந்தான். வாசனைதான் முதலில் வெளியே வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கென்று ஸ்கை தீவு விஸ்கி ஒரு பாட்டில் வாங்கியிருந்தான். உடையாமல் வருவதற்கு இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று, கில்ட்டைச் சுருட்டும்போது நடுவில் பாட்டிலை வைத்துச் சுருட்டியிருந்தான். ஸ்டாக்கிங்ஸ் கிழியவில்லை. கில்ட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பாட்டில் மட்டும் தூள். எட்டு கஜக் கம்பளி ஒரு சொட்டு வீணாக்காமல் அத்தனையையும் குடித்துவிட்டு, கொசுவத்துக்குக் கொசுவம் கண்ணாடிச் சில்லோடு கிடந்தது. பெட்டியின் மற்ற பாதியில் கோட்டும் தோல்பையும் காலுறையும் செருப்பும் கத்தியும் அலுங்காமல் இருந்தன.

ஆக, இரண்டு ஆளுக்கும் சேர்த்து ஒரு முழு உடை.

லாக்கி சுதாரித்துக்கொண்டு கட்டிலில் கால் மேல் கால் போட்டான். "என்ன கேக்கப் போறன்னு தெரியும். குடுக்கறேன். ஆனா விருந்துல பேசறப்ப, சுருட்டறதுதான் சரின்னு எல்லார் முன்னாலயும் நீ சொல்லணும்."

"சாராயத்துல ஊறவச்சுச் சுருட்டறதுன்னு சொல்லட்டுமா?"

"பேரம் படியலேன்னா ஆடு மேய்க்கிற கோலத்துல போ."

முப்பது வருஷமாய்த் தரைவிரிப்பு விற்றவர் மர்டோ. இந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் இருந்தது. "உன் கோட்டு உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பினார். சரக்கு வேண்டாதவன் போல் விறுவிறுவென்று வாசலைத் தாண்டினால் எந்த வியாபாரியும் பின்னாலிருந்து கூப்பிட்டே தீருவான். ஆனால் விறுவிறுவென்று போக வேண்டுமே! மர்டோ குட்டிக் குட்டி அடியாய் வைத்துப் போனார். போய்க்கொண்டே இருந்தார். கதவு அங்கேயே இருந்தது. லாக்கி ஒரு பிஸ்கட்டை எடுத்து ஆற அமரத் தின்றான்.

"மச்சான், நீ கதவுகிட்ட போறதுக்குள்ள கிர்ஸ்டிக்குக் குழந்தை பொறந்துடும். திரும்பி வா. வேற விலை சொல்றேன். கணப்புக்கு மேல மாட்டறியே, அந்தப் புதுப் படம். அதை நான்தான் பொறுக்குவேன்."

மர்டோ நின்று மனசுக்குள் கூட்டிக் கழித்தார். எந்தப் படத்தை எடுத்தாலும் அவர் கில்ட்டில்தான் நிற்பார். இரவல் கால்சட்டையில் நிற்கப்போகிறவன் இந்த முறை லாக்கி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் போன்ற சரக்கு.

"கையைக் குடு" என்றார்.

மறுநாள் தேவாலயத்தில் கிர்ஸ்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லாக்கியின் கோட்டு, லாக்கியின் தோல்பை, காலுறையில் லாக்கியின் கத்தி. பின்னால் கொசுவம் கத்தி முனையாய் நின்றது. அட்லாண்டிக் முழுக்க உட்கார்ந்து வந்த துணி என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு பக்கமும் சனங்கள் கிசுகிசுத்தார்கள்: என்ன கம்பீரம், என்ன நிதானம்!

"அப்பா, இவ்வளவு மெதுவாவா?" என்றாள் கிர்ஸ்டி உதட்டை அசைக்காமல். "மாப்பிள்ளை பயந்து ஓடிடப் போறான்."

"ஓட மாட்டான். கதவைச் சாத்தியாச்சு."

விருந்திலும் மர்டோ கேரட்டைத்தான் தின்றார். அப்புறம் அக்கார்டியன் கிளம்பியது. முதல் ஆட்டம் அப்பாவும் மகளும். சனங்கள் வட்டமாய் நின்று கைதட்டினார்கள். கிர்ஸ்டி துள்ளினாள். மர்டோவும் ஒரு காலைத் தூக்கினார். முழங்கால்வரைகூட வரவில்லை. மறு காலைத் தூக்கினார். முன்மடிப்பு விலகப் பார்த்தது, பாய்ந்து பிடித்தார். அக்கார்டியன் வேகமெடுத்தது. மர்டோ கம்பம் மாதிரி நடுவில் நிற்க, மணப்பெண் கம்பத்தைச் சுற்றினாள்.

"அப்பா, என்னாச்சு?"

இனி மறைப்பதற்கில்லை. எதிரே வந்து நின்ற மோராகின் காதில் குனிந்து, "மோராக், என் பின்பக்கம் பெருத்துப்போச்சு" என்றார். "கில்ட்டே விரியல. ரெண்டு நாளா நான் ஒண்ணுமே சாப்பிடல."

மோராக் அவரைப் பின்னால் சுற்றி வந்து, குனிந்து, கில்ட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"அட மடையா! தையலை உருவவே இல்லையா?"

மேற்கொண்டு பேச்சில்லை. கணவன் காலுறையிலிருந்த கத்தியைச் சட்டென்று உருவி, ஆட்டத்தின் நடுவிலேயே மண்டியிட்டு, ஒரு கையால் கில்ட்டைப் பிடித்துக்கொண்டு நூலை அறுத்தாள். கத்தி எங்கே பட்டுவிடுமோ என்று மர்டோ கண்ணை இறுக மூடி வாயைத் திறந்தார். படம் பிடிக்கிறவன் தொழிலில் கெட்டிக்காரன். பளிச்!

கொசுவம் மயில்தோகையாய் விரிந்தது. மர்டோ மகளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க அவர் கேட்ட முதல் கேள்வி, "கேக் மிச்சம் இருக்கா?"

வியாபாரி கை கொடுத்தால் கொடுத்ததுதான். எந்தப் படத்தை லாக்கி பொறுக்கினான் என்று சொல்லவே தேவையில்லை. பழைய படம் மாடிக்குப் போனது. இப்போது கணப்புக்கு மேலே, கண்ணை மூடி வாயைப் பிளந்த மர்டோ, பின்னால் கத்தியோடு மண்டியிட்ட மோராக், ஓரத்தில் இரவல் கால்சட்டையில் வயிறு குலுங்கச் சிரிக்கும் லாக்கி. புது வருஷத்துக்கு வருகிறவர்கள் கோப்பையோடு அதன் முன்னால் கூடிவிடுகிறார்கள்.

மர்டோ அவர்களைச் சிரிக்கவிடுகிறார். சிரிப்பு அடங்கியதும் பக்கத்தில் போய், கடையில் விரிப்பின் ஓரத்தைக் காட்டுகிற அதே விரலால் படத்தின் கீழ்ப்பகுதியைக் காட்டுகிறார்.

"அந்த ஆளை விடுங்க. கொசுவத்தைப் பாருங்க. எங்கயாவது ஒரு சுருக்கம் இருக்கா?"