ஜெஸ்ஸியின் மணிக்கட்டு

மல்லாபூரில் ஆலைகளுக்கு நடுவே ஒரு பட்டறையின் மாடியை ஒத்திகைக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எவ்வளவு சத்தம் போட்டாலும் அங்கே கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை நந்தகுமார் கிட்டாருடன் படியேறி வந்தபோது வெங்கட் ஜன்னலோரம் நின்றிருந்தான். ஜெஸ்ஸி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ்.

"என்னாச்சுங்க?"

"எல்லாம் உன்னாலதான்" என்று சிரித்தாள். "உன் வீடியோவைப் போட்டுக்கிட்டு வீட்ல தலையணை மேல அடிச்சுப் பழகினேன். வீங்கிப்போச்சு."

மூவரும் ஒரே மென்பொருள் நிறுவனம். ஆண்டு விழாவுக்காகச் சேர்ந்த குழு. வெங்கட் பாடுவான், பேஸ் கிட்டாரும் வாசிப்பான். பாட்டை அவர்களே உருவாக்கியிருந்தார்கள். அது ஒரு ரிஃப்பில், திரும்பத் திரும்ப வரும் ஒரு கிட்டார் துண்டில், தொடங்கும். தடித்த கம்பியை உள்ளங்கை விளிம்பால் அமுக்கிக்கொண்டு கம்பியை மீட்டும் பிக்கைக் கீழ்நோக்கி மட்டுமே அடிக்க வேண்டும். மேலே திரும்பும்போதும் அடித்தால் எளிது. ஆனால் கனம் போய்விடும்.

நந்தகுமாருக்கு அது மெதுவாக வந்தது. வேகம் கூட்டினால் முன்கை இறுகிக்கொண்டது. வெங்கட் வாட்ஸ்அப்பில் வீடியோ கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள், "வேற ஆள் பாக்கட்டுமா?" என்று எழுதினான். அன்று மாலை நந்தகுமார் மின்விசிறியை நிறுத்தினான். கைகள் மட்டும் தெரியும்படி போனை வைத்து, மெதுவாக வாசித்துப் பதிவு செய்தான். கணினியில் வீடியோவின் ஓட்டத்தைக் கூட்டினான். சுருதி மாறாமல் பார்த்துக்கொண்டான். வேகம் பாட்டைத் தாண்டிப் போனதை அனுப்பிய பிறகுதான் கவனித்தான்.

'இதுதான் பாட்டோட வேகம். நான் இதுக்கு வர்றேன்' என்று ஜெஸ்ஸி பதில் எழுதியிருந்தாள்.

இப்போது அவள் சொன்னாள்: "டாக்டர் திட்டுறார். மெதுவான்னா அடிப்பேன். உன் வேகம் நமக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம். டிரம்ஸுக்கு நம்ம ஆபீஸ் ஷ்யாமைக் கூப்பிட்டுக்கோங்க. என்னால பாட்டு கெடக் கூடாது."

வெங்கட் நந்தகுமாரைப் பார்த்தான்.

"அதெல்லாம் வேண்டாங்க" என்றான் நந்தகுமார். "நீங்கதான் வாசிக்கோணும். நான் கொறைச்சுக்கறேன்."

"பாத்தியா ஜெஸ்ஸி, என்னா மனசு!" என்றான் வெங்கட். " நானா இருந்தா ஷ்யாமுக்கு அப்பவே போன் போட்டிருப்பேன்."

மெதுவாக வாசித்தார்கள். நன்றாகவே வந்தது. "தேங்க்ஸ் நந்தா" என்றாள் ஜெஸ்ஸி. அவன் குனிந்து ஆம்ப்ளிஃபயரின் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவை சரியாகத்தான் இருந்தன.

ஜெஸ்ஸி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஒரே தடவை அந்த வேகத்துல வாசி. நான் அடிக்கல. உன் கையைப் பாக்கணும். மணிக்கட்டுலருந்து அடிக்கிறியா, முழங்கையிலருந்தான்னு வீடியோல தெரியவே இல்ல."

"இப்ப வேண்டாங்க."

"ஏன்? நான் என்ன கண்ணா வைக்கப் போறேன்?"

"வாசிடா, ரசிகை கேக்குறா" என்றான் வெங்கட்.

நந்தகுமார் கையைக் கம்பியில் வைத்தான். பிறகு எடுத்தான்.

"அது நான் வாசிச்சதில்லீங்க. வாசிச்சது மெதுவாத்தான். கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்."

வெங்கட் சிரிக்கத் தொடங்கினான். ஜெஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"எங்கம்மா விடுடின்னாங்க" என்றாள் அவள். "அவனுக்கு வருது, எனக்கு ஏன் வராதுன்னு அவங்களோட சண்டை போட்டேன்."



அவள் போனில் தாளம் எண்ணும் மெட்ரோனோமைத் திறந்தாள். "நிஜமா எவ்வளவு?"

"நூத்தி அம்பது."

அப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. போன் டிக் டிக்கென்று அடித்தது. அவன் வாசித்தான். முதல் சுற்று தாக்குப்பிடித்தது. இரண்டாவதில் முன்கை இறுகியது. பிக் தானாக மேல்நோக்கியும் அடிக்கத் தொடங்கியது. ஒலி மெலிந்தது. வெங்கட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

ஜெஸ்ஸி இடது கையால் எண்ணைக் குறைத்தாள். அவன் மறுபடி வாசித்தான். மறுபடி குறைத்தாள்.

"இது சரியா?" என்றாள். குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"இன்னும் கொஞ்சம் கொறைங்க" என்றான்.