தரையில் பூட்டிய சுவிட்ச்

ஜெயரூபி கிளிநொச்சியில் இயந்திரவியல் விரிவுரையாளர். வாய் திறந்தால் சமன்பாடுதான். பகல் வெயில் தரும் மின்சாரத்தால் கனத்த இரும்புச் சக்கரமான சில்லொன்றைச் சுழற்றி, அந்தச் சுழற்சியிலேயே சேமித்து வைத்தால், பொழுதுபட்ட பிறகு துணுக்காய் வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கலாம். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆனால் சில்லுக்கு ஒரு குணக்கேடு உண்டு. வேகம் ஏற ஏற நல்ல பிள்ளையாகச் சுழலும்; ஓரிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அதிர்வு பல மடங்காகப் பாயும். அந்தக் கணம் கணினியில் பதிந்ததும் சுவிட்சை அழுத்தி நிறுத்த வேண்டும். பிந்தினால் சில்லு போய்விடும்.

முதல் சில்லு அப்படித்தான் போனது. அதிர்வு பாய்ந்தது, தரை குலுங்கியது, சுவரிலிருந்த சுவிட்சை யாரும் அழுத்தவில்லை. ஜெயரூபி இரண்டு கைகளும் பிடரியில் இருக்கக் குப்புறக் கிடந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் தொழில்நுட்ப உதவியாளர் நடராசாவும் அதே கிடை. சில்லு இரும்புக் கூண்டுக்குள் உடைந்து சிதறியது. போரின் ஷெல்லடிக் காலத்தில் உடம்பு படித்த பாடம், இத்தனை வருடம் கழித்தும் மூளையைக் கேட்காமல் முந்திக்கொண்டது. ஜெயரூபிக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அறிக்கையில் ‘இயக்கியவரின் தாமதம்’ என்று எழுதினார். வேறென்னத்தை எழுதுவது?

மிஞ்சியது ஒரே ஒரு சில்லு. அதுவும் உடைந்தால் ஆராய்ச்சியை மூடவேண்டியதுதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

“இந்த முறை மனசைத் திடப்படுத்திக்கொண்டு நிப்பம், மிஸ்,” என்றார் நடராசா.

“நிக்க மாட்டம், அண்ணை. எனக்குத் தெரியும்.”

ஜெயரூபி சுவிட்சைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் பூட்டினார்.  நடராசா இரண்டு சாக்குகளைக் கொண்டுவந்து சுவிட்சின் இரு பக்கமும் விரித்தார்.

சில்லு வேகமெடுக்க முன்பே இருவரும் படுத்துக்கொண்டார்கள். ஜெயரூபியின் ஒரு கை பிடரியில், மற்றது சுவிட்சில். அதிர்வு பாய்ந்தது. அழுத்தினார்.

வேகம் இறங்கியும் குலுக்கம் அடங்கவில்லை. குலுக்கம் தொடங்கிய வேகத்தில் அது விடாது, அதற்கும் நன்றாகக் கீழே வந்துதான் விடும். வருடாவருடம் வகுப்பில் அவரே கரும்பலகையில் கீறிக் காட்டும் கோடு அது.

கடைசியில் சில்லு முழுதாக நின்றது. கணினியில் அளவும் பதிந்திருந்தது.

“நிண்டிட்டுது, மிஸ். எழும்புங்கோ,” என்றார் நடராசா. சொன்னவர் எழும்பவில்லை.

“ஓம், அண்ணை,” என்றார் ஜெயரூபி. “கொஞ்சம் பொறுத்து எழும்புவம்.”