உள்ளே நான்கு புள்ளிகள்

சிஸ்டரை அவருடைய வீட்டுக்காரரே சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்தவர். வராந்தாவில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் பாதிக் காய்ச்சல் பயந்தே இறங்கிவிடும், மீதிப் பாதி மாத்திரைக்கு இறங்கும் என்று டாக்டர்களே சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷியை, ஓய்வு பெற்ற மறுவருஷமே குடும்பம் ஒரு புள்ளியாக்கிவிட்டது.

நடந்தது ஒன்றுமில்லை. ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, உட்கார்ந்தார். அவ்வளவுதான், மகன் ராக்கெட் விடுகிற ஆள் மாதிரி கிளம்பிவிட்டான். அம்மாவின் போனில் இருக்கும் இடத்தைக் காட்டுகிற ஒரு செயலி, மணிக்கட்டில் நாடி பார்க்கும் கடிகாரம், வீட்டுச் சாவியில் தேடிப்பிடிக்கச் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வில்லை. வீட்டில் இருப்பது நான்கு பேர். நான்கு பேருக்கும் வரைபடத்தில் ஆளுக்கொரு நிறம்: மகன் நீலம், மருமகள் மஞ்சள், வீட்டுக்காரர் பச்சை, சிஸ்டர் சிவப்பு. சமையலறைச் சுவரில் ஒரு டேப்லெட்டை மாட்டி அதை அணையா விளக்காக எரியவிட்டார்கள்.

வீட்டுக்காரருக்கு அப்புறம் வேறு உலகமே இல்லாமல் போயிற்று. விமான நிலையத்தில் உட்கார்ந்து நூறு விமானத்தைத் தரையிறக்குகிறவன்கூட அத்தனை கவலையோடு திரையைப் பார்க்கமாட்டான். மருமகள் அவருக்கு 'கண்ட்ரோல் ரூம்' என்று பெயர் வைத்தாள். மனுஷர் அதைப் பட்டம் மாதிரி வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். வாசல் கதவைத் தாழ்போடுவதுகூட டேப்லெட்டைப் பார்த்துத்தான். நான்கு புள்ளியும் வீட்டுக் கட்டத்துக்குள் வந்தால் உள்தாழ்ப்பாள் விழும். மூன்று என்றால் விழாது.

சிஸ்டருக்கோ அறுபத்தோரு வயதில் நீச்சல் பழக வேண்டும் என்று ஆசை. சாதாரண ஆசை இல்லை, மசக்கைக்காரி மாங்காய்க்கு ஏங்குகிற மாதிரி ஆசை.

"தண்ணிக்குள்ள தலை சுத்தினா யாரும்மா பிடிப்பா?" என்றான் மகன்.

"தரையில சுத்தினப்ப மட்டும் நீயா பிடிச்ச?"

"அதெல்லாம் பேசாத. வேணாம்னா வேணாம்."

சிஸ்டர் மறுநாளே பெண்களுக்கான வகுப்பில் பேர் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்த தலைவலி அந்தச் சிவப்புப் புள்ளிதான். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் புள்ளி வீட்டில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். கண்ட்ரோல் ரூம் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடுவார். போனை அணைத்தாலோ டேப்லெட் ஊளையிடும். அதனால் ஒரு திட்டம் போட்டார். நூலகத்துக்குப் போய் அங்கே வைத்து போன், கடிகாரம், சாவி மூன்றுக்கும் சிக்னலை அறுத்துவிட்டால், டேப்லெட் ஊளையிடாது, புள்ளி கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நிற்கும். 'சிஸ்டர் புத்தகம் படிக்கிறார்' என்று வீடு நிம்மதியாகக் கிடக்கும்.

போன் உறை, கேமரா பை விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரர் நடுவயசு, பேச்சில் எண்ணெய் போட்ட ஆள்.

"சிக்னல் உள்ள போகாத பை இருக்கா?"

"இருக்குக்கா. யாருக்குப் பயந்து?"

"பயமா? எனக்கா? எடுத்துப் போடுங்க, பார்ப்போம்."

முதலில் வந்தது பளபளவென்று ஒரு மெல்லிய வெள்ளி உறை. சிஸ்டர் போனை உள்ளே போட்டு மூடி, கூப்பிடச் சொன்னார். உறைக்குள்ளிருந்து போன் ஊரைக் கூட்டியது. "இதுல சப்பாத்திதான் சுத்தலாம்" என்று தள்ளிவிட்டார். இரண்டாவது, ரப்பர் விளிம்பு வைத்த கெட்டிப் பெட்டி. கீழே போட்டாலும் யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது, சிக்னலும் நுழையாது. ஆனால் சாவியும் கடிகாரமும் உள்ளே உருண்டு, ஆபரேஷன் தியேட்டரில் கத்தரித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி சத்தம். களவாகப் போகிறவளுக்கு அது ஆகாது.

மூன்றாவதாக ஒரு சாம்பல் நிறத் துணிப்பை. உள்ளே உலோக நூல் கலந்த துணி அடுக்கடுக்காக, வாய்ப்பக்கம் நீளமாக.

"இதை ரெண்டு மடிப்பு மடிக்கணும்க்கா. ஒரு மடிப்பு போதாது. வாய் ஒரு நூல் திறந்திருந்தாலும் சிக்னல் எறும்பு மாதிரி நுழைஞ்சிடும். வெளித்துணி கிழிஞ்சாக்கூட பரவாயில்ல. உள்துணி மடிப்புல விரிசல் விட்டா அவ்வளவுதான்."

சிஸ்டர் உள்துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்பை விரலால் நீவினார். கடைக்குள் சிக்னல் நோஞ்சானாக இருக்கும், அதை நம்பக்கூடாது என்று வாசலுக்கு வந்து, போனைத் தனியாக, கடிகாரத்தைத் தனியாக, சாவியைத் தனியாக, பிறகு மூன்றையும் சேர்த்து என்று சோதித்தார். போனைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. கடிகாரம் ஊமை. வில்லையைத் தேடினால் பதில் இல்லை.

"அக்கா, நீங்க போலீஸா?"

"அதைவிட மோசம். நர்ஸ்."

முதல் வகுப்பு நாளில் நூலகத்தின் மூலை மேஜையில் பையை இரண்டு மடிப்பு மடித்தபோது, சிஸ்டருக்குப் பத்து வயசுப் பெண் பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்த சந்தோஷம். குளத்தில் அன்று மிதக்கக் கற்றுக்கொடுத்தார்கள். காது வரைக்கும் தண்ணீர். உலகத்தில் ஒரு சத்தம் இல்லை. தான் இருக்கும் இடம் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தபோது, உடம்பு தக்கையாகி மேலே வந்தது.

திரும்பி நூலகத்துக்கு வந்து, பையைப் பிரித்து, ஈரத்தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாயில் பொய் தயாராக இருந்தது. அதைச் சொல்லவே இடமில்லை.

"தையல்கடையில அப்படி என்ன பேச்சு? நின்னுட்டே இருந்த?" என்றார் கண்ட்ரோல் ரூம்.

"நானா?"

"பின்ன நானா?" டேப்லெட்டைக் காட்டினார். நூலகத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, கடைத்தெருவுக்குப் போய், தையல்கடையில் நின்று, பூங்கா பெஞ்சில் இளைப்பாறி, சமர்த்தாக நூலகத்துக்குத் திரும்பியிருந்தது.

சிஸ்டருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது, அதுவும் நமக்குச் சாதகமாக! கேட்காமலே ஒரு பொய்ச்சாட்சி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அடுத்தடுத்த வகுப்புகளிலும் புள்ளி ஊர் சுற்றியது. மறந்துபோன காரியங்களைத் தேடிப்போய் முடிக்கிற மாதிரி சுற்றியது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், அவர் வாங்க மறந்திருந்த ரத்த அழுத்த மாத்திரை கடைக் கவரோடு இருந்தது.

"இது யாரு வாங்கினா?"

"நீதான் அப்பவே வந்து வச்சுட்டுப் போன. என்ன சிஸ்டர், வயசாகுதா?" என்றார் கண்ட்ரோல் ரூம், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

வாங்கியிருப்போம், மறந்திருப்போம் என்று சிஸ்டர் தன் மனசைத் தானே தட்டித் தூங்கவைத்தார். அது தூங்கவில்லை. அலமாரியைத் திறந்தால் துணிகள் அடுக்கியிருந்தன. மூலை மடித்து, ஓரம் இழுத்து, மருத்துவமனைப் படுக்கை விரிக்கிற கணக்கில். அப்படி மடிக்க இந்த வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஒருத்தி ஓய்வு பெற்றபின் ஒரு கைக்குட்டையைக்கூட அப்படி மடித்ததில்லை.

அப்புறம் ஒரு மாலை, மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை கிடையாது. சமாதானமும் கிடையாது. இரண்டு நாட்டு எல்லை மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான். அவள் சிஸ்டரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ் அத்தை."

"எதுக்கு?"

"மத்தியானம் தலைவலின்னு லீவு போட்டுப் படுத்திருந்தேனே. எவ்வளவு நேரம் பிடிச்சுவிட்டீங்க! எங்கம்மாகூட அப்படிச் செஞ்சதில்ல." கொஞ்சம் தயங்கினாள். "கைதான் அத்தை, ஐஸ் மாதிரி இருந்துச்சு. போர்த்திக்கிட்டுப் படுங்க."

மத்தியானம் முழுக்க சிஸ்டர் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார். தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

"இப்பல்லாம் நீங்க கோவப்படறதே இல்ல" என்றாள் மருமகள், ஆசையாக. "முன்னைக்கு இப்ப எவ்வளவோ மாறிட்டீங்க."

அன்றைக்கே சாம்பல் பையை அலமாரி அடியில், பழைய யூனிஃபார்முக்குக் கீழே புதைத்தார். வகுப்புக்குப் போகவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் தன் புள்ளி தன் காலடியில்தான் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது, நல்ல பிள்ளையாக. தன் வீட்டில், தன் நாற்காலிக்கு, தன்னோடே போட்டியா என்று நினைத்து, மறுபடியும் போனைப் பார்த்தார். ஆனால் முன்கோபமும் முணுமுணுப்புமாக அவரே திரும்பி வந்ததில் வீட்டுக்கு வருத்தம் போலிருந்தது. "ரெண்டு நாளா உனக்கு என்ன ஆச்சு?" என்று கண்ட்ரோல் ரூம் கேட்டேவிட்டார். "நல்லாத்தானே இருந்த!"

அந்தக் கோபத்தில்தான் பையை மறுபடி எடுத்தார். அன்றைக்கு ஆழமான பக்கத்தை நீந்திக் கடக்க வைக்கப் போகிறார்கள். இந்த ஒரு தடவை, இதோடு சரி.

கடந்தார். நடுவில் மூச்சு முட்டியது, கால் தரையைத் தேடியது, தரை இல்லை. இருந்தும் கடந்தார். மறுகரைக் கம்பியைப் பிடித்தபோது திமிங்கலத்தையே ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்ட இறுமாப்பு. வெளியே வந்தால் மழை ஊற்றுகிறது. நூலகத்துக்குப் போகாமல், பை மடித்தபடியே இருக்க, நேராக வீட்டுக்கு நடந்தார். பொழுது சாய்ந்திருந்தது.

கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

பக்கவாட்டில் சமையலறை ஜன்னல், பாதி மூடிய திரைச்சீலை, மஞ்சள் வெளிச்சம். எட்டிப்பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் நான்கு தட்டு. மகன் ஏதோ சொல்ல, மருமகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கண்ட்ரோல் ரூம் டேப்லெட்டைப் பார்க்கவே இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, எதிர் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியை மட்டும் ஜன்னல் திரை மறைத்திருந்தது.

சிஸ்டர் பையைப் பிரித்தார். போன் கண் விழித்தது, சிக்னல் முழுதாக ஏறியது. வரைபடத்தைத் திறந்தார். நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு, நான்கும் வீட்டுக் கட்டத்துக்குள். அவர் நிற்கும் மழையில் ஒன்றுமில்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். ஜன்னல் வழியே அவர் போனை எடுப்பது தெரிந்தது.

"இது என்ன கூத்து?" என்று எதிர் நாற்காலியிடம் சொன்னார் அவர். "உன் நம்பர்லேர்ந்தே யாரோ கூப்பிடறாங்க. ஹலோ?"

"என்னங்க, நான்தான். வெளிய நனைஞ்சுட்டு நிக்கிறேன். தாழ்ப்பாளைத் திறங்க."

"யாரும்மா நீங்க? குரல் அப்படியே சிஸ்டர் மாதிரி இருக்கே!" சுவரைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க நாலு பேரும் உள்ளதான் இருக்கோம்."

"வைங்கப்பா, மோசடி கால்" என்றது மகனின் குரல். "இப்பல்லாம் குரலையே திருடறாங்க."

"குடுங்க, நான் பேசறேன்" என்றது இன்னொரு குரல்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கியது. சிஸ்டரின் காதில் சிஸ்டரின் குரல் கேட்டது. வார்டு வாசலில் கூட்டமாக நிற்கும் சொந்தக்காரர்களைக் கலைக்க அவர் முப்பது வருஷம் வைத்திருந்த குரல், இனிப்பாக, ஈவிரக்கமே இல்லாமல்.

"பார்வையாளர் நேரம் முடிஞ்சுடுச்சும்மா. போயிட்டு வாங்க."

தொடர்பு அறுந்தது. சிஸ்டர் ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தார். உள்ளே சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் எழுந்து வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஈரத்தலை, சிவந்த கண். அந்தப் பக்கம் முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்த முகம். அவர் உற்றுப் பார்த்தார். புருவம் சுருங்கிற்று, வாய் லேசாகத் திறந்தது. ஒரு கணம், ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறவர் மாதிரி இருந்தார்.

பிறகு கழுத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார்.

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியபோது, அவர் முகத்தில் வழி தவறி வந்தவர்களிடம் காட்டுகிற நல்ல மனசு இருந்தது. "மழை விடற வரைக்கும் அந்தப் பக்கமா ஓரமா நின்னுக்கோங்கம்மா" என்று கண்ணாடிக்கு வெளியே கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடினார்.